ஒன்றேகால் மீட்டர்

தார்த்து நகரத்துக்கு நான் போனது
முன்னோரைத் தேடி அல்ல,
அத்தாட்சி தேடி.
ஆர்வெட் ரெபானே தன் வேலியை
ஒன்றேகால் மீட்டர் என் பக்கம் தள்ளி நட்டிருந்தான்.
வழக்கறிஞர் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கேட்டார்.
ஆவணக் காப்பகம் இலவசம்.

பேனா கூடாது, பென்சில் மட்டும்.
ஈரக் கோட்டை வெளியே மாட்டச் சொன்னார்கள்.
முதலில் வந்தது வரைபடம்,
மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது.
பிரபுவின் சர்வேயர்
புல்லுக்குப் பச்சை, உழவுக்கு வெளிர்சிவப்பு,
சதுப்புக்கு மழைத்தூறல் போலச் சிறு கோடுகள் என்று
கூலிக்கு மிஞ்சிய பொறுமையோடு தீட்டியிருந்தார்.
எங்கள் ஓடையும் இருந்தது,
எலிவால் பருமனில், நீலமாய்.
அதன் இரு கரையும் ஒரே நிறம்.
ஒரே எண், பதினேழு.
வரப்பு இல்லை.

பிழை என்றுதான் நினைத்தேன்.
தலைக்கணக்கு ஏட்டைக் கேட்டேன்.

இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள்,
நடுவில் நூல் தெரியும் தையல்.
ஜெர்மன் எழுத்து, காற்றில் சாய்ந்த வேலிக்கம்புகள் மாதிரி.
ஒரு பெயரை வாசிக்க அரை மணி,
அது பெயரல்ல, ‘இறந்தார்’ என்று புரிய இன்னொரு அரை மணி.

அதுவரை எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது.
குடியிருந்த பண்ணையின் பெயர்தான் பெயர்.
வீடு மாறினால் ஆளும் மாறிவிடுவான்.
பிறகு ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறில் ஒரு நாள்
எழுத்தர் வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கொடுத்தார்,
கையிருப்பில் இருந்ததை எல்லாம்:
மரம், பறவை, கல், கொல்லன்.

ஹான்ஸ், மர்த்தின் மகன், முப்பத்தொன்று.
காசிக். பிர்ச் தோப்பு.
என் ஓட்டனுக்கும் ஓட்டன்.

அடுத்த வரி.
எழுத்தர் மைக்கூட்டைத் திரும்பத் தொடக்கூட இல்லை.
யாக், மேற்படியான் தம்பி, இருபத்தாறு.
ரெபானே. நரி.

தம்பி ஏதாவது முணுமுணுத்திருக்கலாம்.
எழுத்தருக்குத் தோப்புகள் தீர்ந்திருக்கலாம்.

ஊர் நீதிமன்றப் பதிவேட்டை அதன் பிறகு படித்திருக்கக் கூடாது.
1869: காசிக்கின் ஆட்டை ரெபானே பிடித்துக் கட்டினான்.
1874: ரெபானேவின் மூக்கு. காசிக்குக்கு மூன்று ரூபிள் அபராதம்.
1891: ஓடை.
1903: ஓடை.
1927: ஓடை, இருதரப்புக்கும் எச்சரிக்கை.
பிறகு கூட்டுப் பண்ணை வந்தது.
நாற்பது ஆண்டு ஒரே டிராக்டர் இரு கரையையும் உழுதது,
ஒரு வழக்கும் இல்லை.
அரசு நிலத்தைத் திருப்பித் தந்தபோது
பட்டாவோடு இணைப்பாகச் சண்டையும் வந்துசேர்ந்தது.

இதைப் பங்காளிச் சண்டை என்பார்கள்.
பங்காளிகள் என்றே தெரியாமல்
தலைமுறை தவறாமல் போட்டிருக்கிறோம்.

ஏட்டை மூடுமுன் வலப்பக்கம் பார்த்தேன்.
லேனு, மர்த்தின் விதவை, ஐம்பத்தெட்டு.
மூத்தவன் வீட்டில் கணக்கு.
அவளுக்குக் குடும்பப் பெயர் எழுதவில்லை.
ஒரு பிள்ளை தோப்பாகவும் ஒரு பிள்ளை நரியாகவும்
மத்தியானம் வீடு திரும்பியபோது
கஞ்சியை எத்தனை கிண்ணத்தில் ஊற்றினாளோ,
அதற்குப் பதிவேடு இல்லை.

நகல் ஒன்று நாற்பது சென்ட். இரண்டு எடுத்தேன்.

பேருந்திலிருந்து ஆர்வெட்டை அழைத்தேன்,
பதினோரு ஆண்டில் முதல் தடவை.
சொல்லி முடித்தேன். அவன் நாய் குரைத்தது.
“அப்படியானால் ஓடையில் பாதி எனக்கு” என்றான்.
“பாதி எனக்கும்.”
“எந்தப் பாதி, வைகே?”

சனிக்கிழமை வரைபடம் பார்க்க வருகிறான்.
அளவுநாடாவைத் தானே கொண்டுவருவானாம்.
நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன்.
கிண்ணம் இரண்டு கழுவி வைத்திருக்கிறேன்.