ஏழாவது கூடு

விண்ணப்பப் படிவத்தில் ஏழாவது கூடு
குடும்பத் தலைவரின் ஒப்பத்துக்கு.
அதை மட்டும் நிரப்பாமல்
நாலாம் முறையாக நீட்டுகிறார் யோகமலர்.
வலையிறவுப் பாலம் கடந்து
ஏழரை பஸ்ஸில் வந்திருக்கிறார்.
சீலைத் தலைப்பில் இன்னும் இடியப்ப மா.

நான் கருமபீடத்துக்கு இந்தப் பக்கம்.
தலைக்கு மேலே காற்றாடி சுற்றுகிறது.

பெர்மிட் பேரின்பத்தின் பெயரில்.
பேரின்பம் ஒரு மாசி மாதம்
விறகுக்குப் போனவர்.
சைக்கிள் கிடைத்தது.
பதினேழு வருசம்.

"இறப்புப் பத்திரம் எடுத்தா
பெர்மிட்டை உங்கட பேருக்கு மாத்தலாம் அக்கா."
இதை மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்,
பஸ் நேரம் சொல்வது போல.

"லைட் எரியிறதுக்கு
அவர நான் சாகடிக்க வேணுமாகா?"

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்.

அவருடைய வளவுக்குள் ஒரு கம்பம் நிற்கிறது.
நட்ட அன்று எவரும் உறுதி கேட்கவில்லை.
அதன் தோளேறிப் போகும் வயர்
பூபாலப்போடியாரின் அரிசி ஆலையில்தான் இறங்குகிறது.
அங்கேதான் போனுக்குச் சார்ஜ் போடுவார்,
தடவைக்கு முப்பது ரூபா.
விடியப்புறம் மூன்று மணிக்கு
அந்தப் போனின் வெளிச்சத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு
இடியப்பம் பிழிவார்.
பிழிய இரண்டு கையும் வேணும்.

உன்னிச்சைப் பக்கம் காட்டோரம் யானை வேலி,
இரவிரவாய்க் கரண்ட் ஓடும்.
"ஆனைக்குக் குடுத்திருக்கீங்க.
அது உறுதிக் காகிதம் கொண்டந்ததா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்.
சிரித்து முடிய
கூடு வெறுமையாகவே இருந்தது.

எங்கட மட்டக்களப்பில்
மகள் பிறந்தால் அத்திவாரம் வெட்ட நாள் பார்ப்பார்கள்.
வீடு அவளுக்கு.
தாலி கட்டியவன்
அவளுடைய வாசலால் உள்ளே வருகிறவன்.
படிவம் அச்சடித்தவருக்கு இது தெரியாது.
எனக்குத் தெரியும்.
நான் அதைச் சொல்லவில்லை.

மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சுவரொட்டி:
அனைவருக்கும் மின்சாரம், பெண்களுக்கு வலுவூட்டல்.
படத்தில் ஒருத்தி குமிழைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
அவளுடைய ஏழாவது கூட்டில்
ஆர் ஒப்பமிட்டது?

அன்று பின்னேரம் வீட்டில்
மின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
பத்து வருசமாய் என் சம்பளத்தில் கட்டுவது.
'திரு' என்று தொடங்குகிறது.
அவர் கட்டாரில்.

அடுத்த கிழமை, ஐந்தாம் முறை,
பேனையை நான் நீட்டினேன்.
முழுப்பெயரும் எழுதினார்.
கடைசி எழுத்துகள் கூட்டுக்குள் கொள்ளாமல்
கோட்டைத் தாண்டின.
'தலைவர்' என்ற சொல்லை நான் வெட்டவில்லை.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
கணவர் இன்னும் வரவில்லை.
வீடு இவருடையது.

மேலே அனுப்பியிருக்கிறேன்.
திரும்பி வரலாம்,
கோப்பைத்தான் சொல்கிறேன்.