பக்கம் 41

நாற்பத்தோராம் பக்கம் இன்னும் திறந்து கிடக்கிறது.
வியாழன் மாலைக்குள் கோப்பு வேணுமாம்
அச்சகத்து மார்க்கோவுக்கு.

படம் மேசையில்.
மொன்றியல், எண்பத்தேழு மாசி.
உணவகக் குசினியொன்றில் நாலு பேர்
கோப்பை கழுவுகிறார்கள்.
நீராவி லென்ஸில் படிந்து
நாலாமவனுக்கு முகமில்லை.
பெரிய தாச்சியொன்றைக்
குழந்தையைக் குளிப்பாட்டுகிறவன்போல்
சரித்துப் பிடித்திருக்கிறான்.

பின்பக்கம் ஊதா முத்திரை:
செ. பேரின்பராசா,
கதவிலக்கம் பாதி அழிந்த ஒரு தெரு.
அதன் கீழே பென்சிலில்
'திருப்பித் தரவும்.'

தேடினேன்.
மிசிசாகாவில் ஒரு பேரின்பராசா பல் வைத்தியர்.
கமெராவைத் தொட்டதேயில்லை என்றார்,
கடைசியாக எப்போது பல்லைக் காட்டினீர்கள் என்றும் கேட்டார்.
லவாலில் இருந்தவர்
எவ்வளவு தருவீர்கள் என்றுதான் தொடங்கினார்.
கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்,
'அது நானில்லைத் தம்பி.'
முத்திரையிலிருந்த தெருவில்
நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.
கடைக்காரி பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள்
எதற்கென்று தெரியாமலே.

ஒட்டாவாவில் ஒரு சபை உண்டு.
உரியவர் அகப்படாவிட்டால்
அவருக்காக அது தலையாட்டும்.
ஆனால், படம் முன்பு எங்காவது வெளியாகியிருக்கவேண்டும்.
இது எங்கே வெளியானது?
ஒரு சப்பாத்துப் பெட்டியிலிருந்து
என் மேசைவரைக்கும்.

'போடுங்கோ அண்ணை,
ஆர் வந்து கேக்கப்போகினம்?'
சாந்தரூபி சொன்னதில் பிழையில்லை.
அதுதான் எனக்கு முட்டுகிறது.

ஆளில்லாத வீட்டுக்குப்
பனி அள்ளிவிடப் போகிறவனும் உண்டு,
கதவைத் தள்ளிப் பார்க்கப் போகிறவனும் உண்டு.
வாசல்வரைக்கும்
இரண்டு பேரின் காலடியும்
ஒரே மாதிரித்தான் பதியும்.

புதன் இரவு, ஸ்காபரோ முழுக்க உறைமழை.
மூன்று தரம் படத்தைப் பக்கத்தில் வைத்தேன்,
மூன்று தரம் எடுத்தேன்.
நாலாம் தரம்
அதே அளவில் ஒரு வெற்றுச் சட்டம் வரைந்து
கீழே எழுதினேன்:
இந்த இடம் செ. பேரின்பராசா எடுத்த படத்துக்கு உரியது.
கோப்பை கழுவுகிறவர்கள் நால்வர்.

விடிய மார்க்கோ அழைத்தான்.
'நாற்பத்தொன்றில் படம் விடுபட்டிருக்கிறது.'
'விடுபடவில்லை' என்றேன்.
கொஞ்சம் மூச்சு விட்டான். மசகு மிச்சம் என்றான்.

படம் இப்போது ஒரு தடித்த உறைக்குள்.
பெயர் எழுதியாயிற்று.
விலை ஏறினாலும் செல்லுமே, அந்த வகைத் தபால்முத்திரை,
அதையும் ஒட்டியாயிற்று.

கதவிலக்கத்துக்கு
இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன்.