எட்டு மைல்

பிரிவினை வழக்கு, அட்டவணை ‘ஆ’, இலக்கம் பதினான்கு:
ஹில்மன் மிங்ஸ் கார், சாம்பல் நிறம்,
ஓடிய தூரம்
அறுபத்தோராயிரத்து இருநூற்று நான்கு மைல்.
பதின்மூன்று, தையல் மெசின்.
பதினைந்து, தேக்கு அலுமாரி, கண்ணாடி உடைந்தது.

முப்பத்திரண்டு வருசம்
அப்பாவும் பெரியப்பாவும்
புதுக்கடைப் படிகளில் தவணை தவணையாய் ஏறி இறங்க,
வெள்ளவத்தை வீட்டுக் கராஜில்
நாலு கல்லடுக்கின் மேல் நின்றது அது.
கதவுக்கு இரண்டு பூட்டு.
மேல்வீட்டில் ஒரு சாவி, கீழ்வீட்டில் ஒரு சாவி.
ஒருவரில்லாமல் மற்றவர் திறக்கலாகாது
என்பது கட்டளை.

பெரியப்பா போனார்.
கோப்பில் அவர் இருந்த இடத்தில் சிவகௌரி.
அப்பா போனார். அந்த இடத்தில் நான்.
இரண்டு செத்தவீட்டிலும் நாங்கள் கதைக்கவில்லை.
முதன்முதல் கதைத்தது
நவ்ஷாட்டின் கூலியில் யாருக்கு எவ்வளவு என்று.

பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தவன்
பொனட்டைத் தூக்கி, தொடாமல், முகர்ந்து பார்த்தான்.
“எஞ்சின் இறுகிட்டு. ஆனா மௌத்தாகல்ல.”
பிளக் நாலையும் கழற்றி
டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து வார்த்துவிட்டு
பதினொரு நாள் பொறுக்கச் சொன்னான்.
எங்களிடமா.

பின்சீற்றுக்குள் எலிகள்
தலைமுறை தலைமுறையாக இருந்துவிட்டுப் போயிருந்தன.
பெற்றோல் தாங்கிக்குள் கோந்து.
பிரேக் இறப்பர் விரல் பட்டதும் பிட்டாய் உதிர்ந்தது.
நான் டோர்ச் பிடித்தேன்.
கழன்ற நட்டுகளைச் சிவகௌரி
டின்பால் பேணிக்குள் எண்ணி எண்ணிப் போட்டாள்.
அவளுடைய பெருவிரல் என் அப்பாவினுடையது:
அகலம், நகம் குட்டை.
இதுவரை கிட்ட நின்று பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள்
ஹாண்டிலைக் கொழுவி முழுப் பாரத்தோடும் சாய்ந்தான்.
அசையவில்லை.
திரும்பவும்.
உள்ளே எங்கோ ஒரு ‘ணொக்’,
பிறகு கால் சுற்று, அரைச் சுற்று,
பிறகு சும்மா சுற்றியது, நேற்றும் சுற்றியதுபோல.

டாஷ்போட்டின் கண்ணாடியை அப்போதுதான் துடைத்தேன்.
அறுபத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.

“உங்கட ஆக்கள் எடுத்ததோ?” என்றேன்.
“உங்கட ஆக்கள்தான்” என்றாள்.
பிறகு இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.
இரண்டு பூட்டு.

நாலு மைல் போக, நாலு மைல் வர.
வடக்கே என்றால் பெரியாஸ்பத்திரி.
தெற்கே என்றால் கல்கிசை, அதற்கும் கொஞ்சம் அப்பால்.
மேற்கே கடல், மேற்கே போயிருக்க முடியாது.
யாருக்கு வருத்தம்? யார் ஸ்டியரிங்கில், யார் பக்கத்தில்?
ஜாக் அடித்துக் கல்லிலிருந்து இறக்கி,
வந்தபின் மூச்சு வாங்க மறுபடி ஏற்றி,
ஆளுக்கொரு பூட்டைப் போட்டுவிட்டு
அடுத்த தவணைக்கு
வெவ்வேறு பஸ்ஸில் போயிருக்கிறார்கள்.

அம்மாவைக் கேட்டேன்.
ஞாபகமில்லை என்றா.
கேட்டு முடிக்கமுதலே என்றா.

தாங்கி திருத்தி முடியவில்லை.
பொறுமை போய்விட்டது எங்களுக்கு.
பொனட்டின் மேல் கயிற்றில் கட்டிய சாராயப் போத்தல்,
அதற்குள் பெற்றோல்,
அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு சேலைன் குழாய்.
மூன்றாம் தரம் இருமியது. நாலாம் தரம் பற்றியது.
ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை,
எதிர்மாடி வீட்டார் யன்னல்களை அடித்துச் சாத்தினார்கள்.

மெரின் ட்ரைவில் இறக்கினோம்.
இது பூட்டப்பட்டபோது அந்த வீதி இல்லை,
தண்டவாளமும் தாழையும் கருங்கல்லும்தான்.
சிவகௌரி ஓட்டினாள்.
ஒன்றும் கதைக்கவில்லை, கதைத்தாலும் கேட்டிராது.

பம்பலப்பிட்டி ஸ்டேசனுக்குச் சற்று முன்னால்
போத்தல் முடிந்தது.
செருப்புகளை உள்ளே எறிந்துவிட்டு
இறங்கித் தள்ளினோம், ஆளுக்கொரு பக்கம்.
கோச்சியின் வாசலில் தொங்கிப் போன பெடியன்கள்
விசிலடித்தார்கள்.
“தள்ளினாலும் மைல் ஓடும், மிஸ்,”
மோட்டார் சைக்கிளில் உருண்டுவந்த நவ்ஷாட் சொன்னான்.

குனிந்து பார்த்தேன்.
பன்னிரண்டு பாதி கீழிறங்க
பதின்மூன்றின் தலை
தெரியத் தொடங்கியிருந்தது.