ஏழாம் குழாய்

ராத்திரி ஒன்பதே முக்காலுக்குக்
கடைசி ஆள் இறங்கிப் போன பிறகுதான்
ஜெபசிங் எனக்குக் கதவு திறப்பார்.
செருப்பு வெளியே, சாவி வெளியே,
தோடும் தலைப்பின்னும் பஸ் சில்லறையும் பிளாஸ்டிக் தட்டில்.
காந்தத்திடம் எதையும் ஒளிக்கக் கூடாது.

அபிஷேகப்பட்டியிலிருந்து
ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பேட்டையில் ஒரு பள்ளம், டவுனில் இரண்டு.
ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது
கண்டக்டர் கேட்டார், “உள்ள என்னம்மா, மீனா?”
“இதுவும் ஈரடுக்குதான்ணே.”
ஒருமாதிரிப் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

பொய் இல்லை.
முட்டைக் கருவின் கொழுப்பு, கொஞ்சம் கொலஸ்ட்ரால்.
குளோரோபாம் ஆவியானதும்
குடுவையின் அடியில் பாலாடை போல் ஒட்டியிருக்கும்.
வெந்நீர் ஊற்றிச் சுழற்றினால் எழும்பும்.
ஒவ்வொன்றுக்கும் தண்ணீருக்கு ஆசைப்படும் தலை ஒன்று,
தண்ணீருக்குப் பயந்த வால் இரண்டு.
வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ள
தலைகள் உள்ளும் புறமும் காவல் நிற்க
தானே உருண்டுகொள்ளும்.
அதன் வயிற்றில்
கூண்டுக்குள் கூண்டாகக் கடோலினியம்.

அந்தப் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை.
‘மருந்து’ என்பார்கள்.
மருந்து போடாமல் ஒரு படம், போட்டு ஒரு படம்.
கட்டி வைத்தால் படத்துக்கு வெளிச்சம்.
அவிழ்ந்தால் கால்சியத்தின் நாற்காலியில் போய் உட்காரும்.
சிறுநீரகம் ஓடுகிறவருக்கு
மறுநாளுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும்.
ஓடாதவருக்குள் சுற்றிச் சுற்றிக்
கட்டுத் தளர்ந்து
தோலை மரப்பட்டையாக்கியதும் உண்டு.

சாயங்காலம் ஒருவர் வந்திருந்தார்.
மேலப்பாளையம் செய்யதலி பாத்திமா, நாற்பத்தொன்று.
செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ்.
மற்ற நாள் பீடி.
ஈரலில் ஏதோ நிழல்.
ஜெபசிங் ரத்தச் சீட்டைப் பார்த்தார்,
டாக்டருக்குப் போன் அடித்தார்,
ஊசியைத் திரும்ப மூடினார்.
“மருந்து இல்லாம தெரியுமா தம்பி?”
“தெரியிற வரைக்கும் பாப்போம்க்கா.”
படம் வந்தது.
மார்கழி விடியலில் ஆற்றங்கரை.
எல்லாம் இருந்தது, எதுவும் தெரியவில்லை.

அவர் படுத்த இடத்தில் இப்போது
தெர்மாக்கோலில் துளையிட்டுச் செருகிய
என் எட்டுக் குழாய்கள்.
இயந்திரம் தட்டுகிறது, நிறுத்துகிறது,
கோபம் வந்தாற்போல் மறுபடி தட்டுகிறது.
திரையில் எட்டு வட்டம்.
முதலாவது வெறும் தண்ணீர், கருப்பு.
மற்றவை சாம்பல், சாம்பல், பழைய சாம்பல்.
ஏழு மட்டும்
பௌர்ணமி.

“ஏ யம்மா, ஏழாம் நம்பரப் பாருங்க! ஜெயிச்சிட்டியள்லா!”

பதினொரு மாதம் கழித்துச் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே
ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து
மஞ்சள் சாயத்தில் விட்டேன்.
நான்காவது மஞ்சளாகவே இருந்தது.
ஏழாவது
நாவல் பழம்.

உலோகம் வெளியே இருக்கிறது.

“வெளிச்சம்தான வேணும்?” என்றார் ஜெபசிங்.
அடைபட்டதைத் தொடத்
தண்ணீர் சுவர் தாண்டி ஒவ்வொன்றாக வர வேண்டும், அதனால் மங்கல்.
ஒழுகியது நடுத்தெருவில் நின்று கூத்தடிக்கிறது, அதனால் பிரகாசம்.
இப்படியெல்லாம் சொல்ல வந்து
வாயில் வந்தது வேறு:
“டவுன் அல்வா நெய் கக்கினாத்தான் பதம்.
இது கக்கினாப் பாழ்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மவுசைப் பிடித்து
வெளிச்சத்தின் அளவை இழுத்து இழுத்துப் பார்த்தார்.
நான்காம் வட்டம் மெதுவாகக் கருப்பிலிருந்து பிரிந்தது.
“இது இருக்கு” என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.

கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு.
ஏழாம் குழாயைக் கழுவுதொட்டியில் கவிழ்க்கவில்லை.
‘கழிவு’ என்று எழுதி, மூடியில் டேப் சுற்றி,
ஐஸ் உருகிய பெட்டியில் தனியே வைத்தேன்.
இந்தச் சாக்கடை எந்த ஆற்றில் போய்ச் சேரும் என்று
இந்த ஊரில் கேட்க வேண்டியதில்லை.