தலைமேல் ஓர் அலை

மில்வாக்கியில் பனி. பக்கத்துச் சலவைக்கடையில்
துணி காய இன்னும் நாற்பது நிமிடம்.

ஒதிலியாவின் புத்தகக்கடை மிதியடியிலேயே
ஈர பூட்ஸோடு நிற்கிறார் எவாரிஸ்தோ, கூரை வேலைக்காரர்.
"வாங்குவதற்கில்லை" என்கிறார் முந்திக்கொண்டு.
"நாற்காலி உட்காரத்தான்" என்கிறாள் அவள்.

யரெலி உருவிய படப்புத்தகத்தில்
இடப்பக்கம் ஆங்கிலம், மகள் வாசிக்கிறாள்.
வலப்பக்கம் ஸ்பானியம்,
தார் படிந்த விரல் வரி தொட, அப்பா.

சட்டென்று நிறுத்துகிறாள்:
"இது நம் பெயரில் உள்ள எழுத்து!"
தலைமேல் குட்டி அலை சுமந்த எழுத்து.
பள்ளிப் பதிவேட்டில் அந்த அலை இல்லை;
அங்கே அவள் வெறும் பெனலோசா.

பெஞலோசா,
பெஞலோசா என்கிறாள், கடை முழுக்கக் கேட்க.

துணி எப்போதோ காய்ந்துவிட்டது.
ஒதிலியா நோட்டில் பெயரெழுதி
அலையைக் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறாள்:
இரவல்.
அடுத்த மூட்டை அழுக்காகும் வரை.