சிக்கிய பொத்தான்

சோழவரத்தில் டவர் கிடையாது.
பழைய ஓடுதளம், வெடிப்பெல்லாம் எருக்கு,
மூங்கிலில் கட்டிய காற்றுப் பை ஒன்று.
இறங்கு என்று சொல்ல ஆளில்லை,
பொறு என்று சொல்லவும் ஆளில்லை.
நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்,
இருக்கிறாரோ இல்லையோ தெரியாத ஒருவருக்கு:

"சோழவரம், கிளைடர் செவன் கிலோ,
புழல் ஏரிக்கு வடக்கே, எண்ணூறு அடி,
இடப்பக்கம் திரும்பி இறங்குகிறேன், சோழவரம்."

ஊர்ப்பெயர் இரண்டு முறை.
முதலில் தவறவிட்டவர்
கடைசியிலாவது பிடித்துக்கொள்ள.

இன்று அதைச் சொல்ல முடியவில்லை.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பருந்துகளோடு
ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஏறியிருந்தேன்.
அவை எதையும் அறிவிப்பதில்லை,
மோதிக்கொள்வதும் இல்லை.
மூன்றரைக்கு எண்ணூர்ப் பக்கமிருந்து கடற்காற்று வந்து
சூட்டையெல்லாம் வழித்துக்கொண்டு போனது.
திரும்பினால்,
ரேடியோ முழுக்க எபனேசர்.

"மச்சான், ஒரு ரெண்டு லட்சம் வேணும்."
செருமல்.
"மச்சான், நல்லா கீறியா? பசங்க நல்லா கீதா?"
செருமல்.
"மச்சான், உன் தங்கச்சிக்கு ஆபரேஷன். என்னால முடியல."
பிறகு, கோபமாக,
"கடனாத்தான்டா கேக்குறேன்!"

பேசும் பொத்தான் அமுங்கியபடி சிக்கியிருக்கிறது.
அவருக்குத் தெரியாது.
இருப்பது ஒரே அலைவரிசை,
அவர் பேசி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் ஊமை.
நான் அழுத்தினாலும்
யார் காதிலோ கீச்சென்று விழும்,
சொல்லாக விழாது.

எனக்கு இன்ஜின் இல்லை.
இன்னொரு சுற்று என்ற பேச்சே இல்லை.
மேலே பார்த்தேன், பின்னால் பார்த்தேன்,
வெயில் கூசும் பக்கம் கையால் மறைத்துப் பார்த்தேன்.
நெடுஞ்சாலை லாரிகள்தான் தெரிந்தன.

செங்கல் சூளைமேல் என் நிழல் ஓடியது.
பக்கத்தில்
இன்னொரு நிழல்,
என்னதை நோக்கி.

பிரேக்கைத் திறந்தேன்.
தாரை அவருக்கு விட்டுவிட்டு
புல்லோரமாய்த் தடதடவென்று விழுந்தேன்.
தலைக்கு மேலே விசிலடித்துக்கொண்டு போனார்,
இன்னும் மச்சானோடு பேசியபடி.

இறக்கையைப் பிடித்துத் தள்ளும்போது சொன்னேன்:
"உங்க பட்டன் சிக்கிக்கிட்டிருக்கு. கழட்டிப் பாருங்க."
முகம் வெளிறியது.
"எப்ப இருந்து?"
"மாதவரம் தாண்டினதிலிருந்து."

எருக்கம்பூ ஒன்றைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.
நிழல் விஷயத்தைப் பதிவேட்டில் எழுதத்தான் வேண்டும்,
எழுதினேன்.
மற்றதை எழுதவில்லை.

கிளம்பும்போது மட்டும்
ஹெல்மெட் மாட்டிக்கொண்டே சொன்னேன்:
"மூணாவதா சொன்னீங்களே,
அப்படியே கேளுங்க."