கீழ்வீட்டுக்காரியின் புகார்

பெர்கனில் மழை ஒரு செய்தியே அல்ல.
சாண்ட்விக்கன் சரிவில் மரவீடு,
மேலே தொர்கெய்ர், கீழே நான்.
அவன் டிராம் ஓட்டுகிறான்.
எனக்கு விடிகாலை மூன்றரைக்கு அடுமனை.
ஆக, இரவு எட்டுக்கு நான் விளக்கணைக்கையில்
அவன் இரண்டு தட்டுகளைச் சுழலவிடுவான்.

பாட்டு எனக்கு வந்து சேராது.
மரத்தளம் வடிகட்டி
அடிக்கசடை மட்டும் கீழே விடும்:
தும், தும், தும்.

முதல் வருஷம் துடைப்பக்கட்டையால்
கூரையை இடித்தேன்.
இரண்டாம் வருஷமும் இடித்தேன்,
காரணம் மாறியிருந்தது.
ஒரு பாட்டு தீருமுன் அடுத்தது உள்ளே நுழையும்;
அப்போது இரண்டின் அடியும்
ஒரே காலில் நடக்க வேண்டும்.
இதை எனக்குத் தலையணைதான் சொன்னது.
நடக்காவிட்டால்
செருப்பை மாற்றிப் போட்டவன் படியிறங்குவதுபோல்
தும்து தும் து தும்.
ஒரு இடி இடிப்பேன்.
மேலே ஏதோ தடுமாறும்.
பிறகு சேர்ந்துவிடும்.
நான் புரண்டு படுப்பேன்,
ரொட்டியைச் சரியாக வெட்டிய நிம்மதியில்.

படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
குப்பைவண்டி வரும் நாளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பிப்ரவரியில் அவன் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது.
நான்தான் கையெழுத்திட்டு வாங்கினேன்.
உள்ளே ஒன்றுமில்லையோ என்கிற அளவு லேசு.
அன்றிரவு தும் இல்லை.
மறுநாளும் இல்லை.
ஒரு குதிகால் மட்டும் தரையில்
யாருக்கோ ஆமாம் போட்டுக்கொண்டிருந்தது.
தூங்கவில்லை. மாவில் இரண்டு தரம் உப்புப் போட்டேன்.
முதலாளியம்மா பெரிட் ஒரு விள்ளல் மென்றுவிட்டு
என்னையே பார்த்தாள்.

வியாழக்கிழமை மேலே ஏறிக் கதவைத் தட்டினேன்.
ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கியபடி
"சத்தமா?" என்று பதறினான்.
"சத்தமில்லை. அதுதான் புகார்."

மேசையில் அந்தக் கண்ட்ரோலர்,
லேப்டாப் திரையில் நீலமும் சிவப்புமாய் அலைகள்.
பழைய தட்டுகள் அலமாரிமேல் துண்டு போர்த்திக் கிடந்தன.
"நீங்கள் இடிக்கும்போதெல்லாம் ஊசி துள்ளும்.
மூன்று ரெக்கார்டில் கீறல்.
பயந்து சத்தத்தைக் குறைக்க ஓடுவேன்,
ஓடும்போதுதான் பிசகு காதில் விழும்."
என் திருத்தங்கள் எல்லாம்
கீறல்களாம்.
உட்கார நாற்காலி கேட்டேன்.

சிங்க் என்று ஒரு பொத்தான். அமுக்கச் சொன்னான்.
இரண்டு அலைகளும் தட்டில் வைத்த பன்கள்போல்
வரிசைக்கு வந்தன.
எனக்குப் பிடித்திருந்தது. அவன் தலை குனிந்து,
"இது கொஞ்சம் ஏமாற்று வேலைதான்" என்றான்.
"நீ தண்டவாளத்தில்தானே டிராம் ஓட்டுகிறாய்,
அதற்கு வெட்கப்படுகிறாயா?"

பிறகு ஒரு பாட்டைக் கேட்டேன். பெயர் தெரியாது.
மேசையில் தட்டிக் காட்டினேன்:
நாலு அடி, ஒரு மூச்சு, மறுபடி நாலு.
உடனே தெரிந்துகொண்டான். துண்டை விலக்கி
தட்டிலேயே போட்டான், ஸ்பீக்கரைத் திறந்து.

அதில் ஒரு பெண் இருந்தாள்.

மூன்று வருஷம் அந்தப் பாட்டின் அஸ்திவாரத்தில்
படுத்துத் தூங்கியிருக்கிறேன்,
மேலே ஆள் குடியிருப்பது தெரியாமல்.
மொழி போர்ச்சுகீஸாம். யாரிடமோ எதையோ
கேட்டுக்கொண்டே இருந்தாள்.
கொஞ்சம் கத்துகிறாள், உண்மையைச் சொன்னால்.

இப்போது ஓர் ஏற்பாடு. எட்டிலிருந்து ஒன்பதுவரை
ஸ்பீக்கர் தரையைப் பார்த்துக் குப்புறப் படுத்திருக்கும்,
மேல்குமிழும் நடுக்குமிழும் மூடி, அடிக்குமிழ் மட்டும் திறந்து.
கீழே வருவது பழைய தும்தான்.
ஆனாலும் நாலாம் அடிக்குப் பிறகு, அந்த மூச்சில்,
அவள் வாய் திறப்பது தெரிந்துவிடுகிறது.

நேற்று ஓரிடத்தில் இரண்டும் சேரவில்லை.
பொத்தானை அமுக்க மறந்தானோ,
எனக்காக விட்டுவைத்தானோ.
துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருந்தது.
எழுந்து போகவில்லை.
மூன்றரைக்கு அடுமனை.